சங்கிலி முதல் டிரோன் வரை: நிலத்தை அளந்த கும்பினிகளின் வரலாறு



ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டிரோன் இண்டஸ்ட்ரி இன்சைட்ஸ் என்னும் ஆய்வு நிறுவனம் உண்டு. ஆளில்லா வானூர்தியைக் கொண்டு சேவை வழங்கும் நிறுவனங்களை அது தரவரிசைப்படுத்தி வெளியிடுவது வழக்கம். 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் நம் நாட்டு நிறுவனம் ஒன்றிற்குக் கிடைத்தது. சைபர்ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏரோடைன் குழுமமே அது. கமாருல் ஏ. முகமட் என்பவரால் 2014இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்திற்கு அப்போது ஏழே வயது. வானூர்தி கட்டும் தொழிலில் உலகப் புகழ் பெறாத நாடொன்றிலிருந்து இந்நிறுவனம் எவ்வாறு எழுந்தது? அது உண்மையில் விற்பது எதனை? விற்கும் பொருள் யாருடைய கையைச் சென்று சேர்கிறது? இம்மூன்று கேள்விகளையும் ஒட்டியே இவ்வுரை அமைகிறது. மூன்றாவது கேள்வியே என்னை இதனை எழுதத் தூண்டியது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சைபர்ஜெயாவின் கதையை ஜோர்ஜ்டவுனில் நின்று ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். நிலத்தை அளந்து, அந்த அளவையே தன் உடைமையாக வைத்துக்கொண்ட வணிக நிறுவனம் ஒன்று கால்வைத்த மண் இது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் கைக்கொண்டார். அன்று தீவின் பெரும்பகுதி காடு. குடியேறுவோர் வெட்டித் திருத்தும் அளவுக்கு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் இடங்கொடுத்தார். மக்கள் விரைந்து வந்து குடியேறினர். காடும் விரைந்து அழிந்தது. ஆயின் அளப்பதற்கு முன்பே பகிர்ந்து கொடுத்த நிலத்தின் எல்லைகளைப் பிற்காலத்தில் ஒழுங்குபடுத்துவது பெருந்தொல்லையாய் முடிந்தது. எவருடைய நிலம் எங்கே முடிகிறது என்னும் வழக்குகள் லைட்டின் மறைவுக்குப் பின்னும் ஓயவில்லை.

அளவை ஒழுங்காகத் தொடங்கியபின் ஏக்கர்க் கணக்கு நடைமுறைக்கு வந்தது. 1801இல் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்காகக் கும்பினி 18 ஏக்கர் நிலம் வழங்கியது. இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அந்நிலத்தில் எழுந்ததே. 18 ஏக்கர் என்று தாளில் எழுதுவது எளிது. அதனைத் தரையில் குறிக்க எத்தனை பேர் நடக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கில அளவையாளர் அக்காலத்தில் கையாண்ட கண்டர் சங்கிலியின் நீளம் 66 அடி, கண்ணிகள் 100. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எண்பது சங்கிலி ஒரு மைல். ஒருவர் முன்முனையைப் பிடித்து நடப்பார். மற்றொருவர் பின்முனையைப் பிடித்து நிற்பார். முளை அடிப்பவரும் புதர் வெட்டுபவரும் உடன் செல்வர். வரைபடத்தின் மூலையில் அளவையாளரின் பெயர் இருக்கும். சங்கிலி பிடித்தவரின் பெயர் இராது.

இத்தொழிலுக்கும் தமிழ்நாட்டிற்கும் உள்ள உறவு ஆழமானது. 1794இல் சென்னையில் மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று தோன்றியது. கிண்டிப் பொறியியல் கல்லூரி தன் வரலாற்றை அப்பள்ளியிலிருந்தே தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களால் பின்னிய பெரும் அளவை அதிலிருந்து வளர்ந்தது. அவ்வளவும் கும்பினிக்காக. நாட்டை அளந்தவன் வரி விதித்தான், பாதை போட்டான், படை நடத்தினான். அளவை என்பது அன்றும் வெறும் அறிவுத் துறையாக இருந்ததில்லை.

அளவையைத் தரையிலிருந்து வானுக்கு ஏற்றும் ஆசை ஒளிப்படத்தோடு பிறந்தது. 1858இல் பாரிசுக்கு அருகே நாடார் என்னும் புனைபெயர் கொண்ட ஒளிப்படக் கலைஞர் பலூனில் ஏறிப் படம் எடுத்தார். (நம்மவர் இப்பெயரைக் கேட்டுப் புன்னகைப்பதுண்டு, அவர் பிரெஞ்சுக்காரர்தாம்.) ஆனால் வான்படத்தை ஒரு வணிகமாக்கியது முதல் உலகப் போருக்குப் பிந்திய தலைமுறை. நமக்கு அண்டை நாடான பர்மாவில், 1924இல், ரொனால்டு கெம்ப் என்னும் வானோட்டியின் நிறுவனம் ஐராவதி ஆற்றுக் கழிமுகக் காடுகளைக் கடல்விமானங்களிலிருந்து படம் பிடித்து அரசின் வனத்துறைக்கு அளித்தது. சேற்றிலும் முதலையிலும் சிக்கிப் பல ஆண்டுகள் நடந்து அளக்க வேண்டிய காடு அது. காசு வாங்கிக்கொண்டு வான்தரவு தரும் தனியார் நிறுவனம் என்பது நம் வட்டாரத்தில் நூறாண்டுப் பழமையுடையது என்பதற்கு இதுவே சான்று.

அமெரிக்காவில் ஷெர்மன் ஃபேர்சைல்ட் என்பவர் 1920இல் வான்படக் கருவி செய்யும் நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவை வானிலிருந்து படமெடுத்து வரைபடமாக்கினார். அவருடைய படக்கருவி நிறுவனமே 1957இல் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்னும் குறைகடத்தி நிறுவனத்திற்கு முதல் கொடுத்தது. அங்கே பணியாற்றிய ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968இல் வெளியேறி இன்டெல் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அந்த இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் எங்கே அமைத்தது? நம் பாயான் லெப்பாசில், வயல்வெளியாய் இருந்த இடத்தில். வான்படக் கருவி விற்ற பணத்தின் ஒரு கிளை, இரண்டு தலைமுறை கழித்துப் பினாங்குப் பெண்களின் கையில் நுண்சில்லாக வந்து அமர்ந்தது. மாணவர்கள் பொருளாதார வரலாற்றைப் படிக்கும்போது இத்தகைய கொடிவழிகளைத் தேடிப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

வானத்துக் கண்ணின் மறுமுகத்தையும் இந்நகர் அறியும். 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுனின் மேல் வந்தபோது, மக்கள் வீதிகளில் இறங்கி நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தனர். அந்தக் கூட்டத்தின் மீதே குண்டுகள் விழுந்தன. மேலிருப்பவன் நம்மைப் பார்க்கிறான், நாம் அவனை அறியோம் என்னும் நிலையின் கொடுமை இந்நகரின் மூத்தோர் நினைவில் நெடுங்காலம் இருந்தது.

டிரோன் என்னும் சிறு பறப்பி இவ்வரலாற்றில் மிகப் பிந்தி வந்தது. திறன்பேசிகள் கோடிக்கணக்கில் விற்றதால், திசையறியும் நுண்சுழலி, முடுக்கமானி, செயற்கைக்கோள் இடங்காட்டி, சிறு படக்கருவி ஆகியவற்றின் விலை சரிந்தது. அவற்றை ஒன்றுசேர்த்து நான்கு விசிறிகளால் தூக்கினால் டிரோன். 2006இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் தோன்றிய டிஜேஐ நிறுவனம் 2013இல் ஃபாண்டம் என்னும் பறப்பியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின், வானிலிருந்து படம் எடுப்பது எவர்க்கும் எட்டும் செயலாயிற்று.

எட்டும் செயலானதே சிக்கலின் தொடக்கம். பறப்பி எவரிடமும் உண்டென்றால் அதனை வைத்து வணிகம் நடத்துபவர் எதனை விற்பார்? அமெரிக்காவின் ஏர்வேர் நிறுவனம் இக்கேள்விக்கு விடை காணத் திணறியது. 2011இல் தொடங்கிய அது பத்துக் கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. டிரோனுக்கான கருவிகளையும் மென்பொருளையும் தானே உருவாக்க முயன்றது, மலிந்த சீனப் பறப்பிகளோடு போட்டியிட இயலாமல் வழி மாறியது, 2018இல் கதவடைத்தது. கருவியை நம்பியவர்கள் இவ்வாறு வீழ்ந்த ஆண்டுகளில்தான் ஏரோடைன் வளர்ந்தது.

ஏரோடைனின் வழி வேறு. டிரோன் தொழில்நுட்பம், தரவுத் தொழில்நுட்பம், இலக்கவியல் மாற்றம் என்னும் மூன்றையும் சேர்த்து ‘டிடி3’ என்று அது தன் கொள்கையைச் சுருக்கிச் சொல்கிறது. விளம்பரச் சொல்லாகத் தோன்றினும் இதற்குள் ஒரு தொழில் உண்மை இருக்கிறது. மின்கம்பிக் கோபுரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பு அதன் நிலையை அறிய ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி ஏற வேண்டும். பீங்கான் காப்பியில் விரிசல் உண்டா, மரையாணி துருவேறியதா என்று பார்த்து, இறங்கி வந்து தாளில் எழுதுவார். டிரோன் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான படங்களைக் கொண்டுவரும். ஆனால் மின்வாரியத்திற்கு வேண்டியது படம் இல்லை. ஆயிரக்கணக்கான கோபுரங்களுள் எதனை இவ்வாண்டு பழுதுபார்க்க வேண்டும், எதனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்னும் முடிவு. படங்களைக் கணினியே பார்த்துத் துருவையும் விரிசலையும் இனங்காணுமாறு பழக்கி, சென்ற ஆண்டுப் படத்தோடு இவ்வாண்டுப் படத்தை ஒப்பிட்டுப் பட்டியலாகத் தருவதே ஏரோடைன் விற்கும் பொருள். இதற்கென வெர்ட்டிகாலிட்டி என்னும் தளத்தை உருவாக்கிக்கொண்டது. வேளாண்மைக்கு அக்ரிமோர் என்னும் தளம் உண்டு.

ஒருமுறை பறந்தால் ஒரு படம்; பத்தாண்டு பறந்தால் அது வரலாறு. முதல் ஆண்டின் பதிவு எவரிடம் இருக்கிறதோ அவரை விட்டு வாடிக்கையாளர் எளிதில் விலக முடியாது. ஏரோடைனின் வளர்ச்சிக்கு அடிப்படை இதுவே என்பது என் கருத்து. மற்றொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். மின்சாரம், எண்ணெய், தொலைத்தொடர்பு ஆகிய மூன்றும் இந்நாட்டில் சில பெரிய நிறுவனங்களின் கையில் உள்ளன. சில வாசல்களைத் திறந்தால் நாடு முழுதும் பரவிய கோபுரங்களும் குழாய்களும் வேலையாகக் கிடைக்கும். அத்தகைய பயிற்சிக்களம் சிதறிய சந்தையில் வாய்க்காது. 2019இல் ஜப்பானின் டிரோன் ஃபண்ட் முதலீடு செய்தது. அவ்வாண்டே மெஷர் ஆஸ்திரேலியா என்னும் நிறுவனத்தை ஏரோடைன் தன்னுடன் இணைத்துக்கொண்டது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இன்று அதன் பணி நடைபெறுகிறது. தோக்கியோவில் 2016இல் தோன்றிய டெரா டிரோன் இதற்கு நேர்ப் போட்டியாளர். தரவரிசையில் முதலிடம் நிலையானதன்று. அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆசிய நிறுவனங்கள் இரண்டு இத்துறையின் முன்வரிசையில் நிற்கின்றன என்பதே கருதத்தக்கது.

வரைபடம் எவ்வாறு உருவாகிறது என்பதையும் மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பறப்பி ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில், வயலில் ஏர் ஓட்டுவது போல முன்னும் பின்னுமாகச் செல்லும். ஒரு படத்தின் முக்கால் பங்கு அளவு அடுத்த படத்திலும் விழுமாறு எடுக்க வேண்டும். ஒரே மரம் பல படங்களில் சற்றே வெவ்வேறு கோணத்தில் விழும். அக்கோண வேறுபாட்டைக் கொண்டு கணினி அம்மரத்தின் இடத்தையும் உயரத்தையும் கணிக்கும். லாம்டனின் முக்கோணக் கணிதமே இதுவும். இலட்சக்கணக்கான முறை நொடிப்பொழுதில் நடைபெறுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் தரையில் சில புள்ளிகளை ஒருவர் நடந்து சென்று துல்லியமாக அளந்து குறிக்காவிட்டால் படம் முழுதும் சற்றே நகர்ந்து நிற்கும். சங்கிலி பிடித்தவரின் வேலை முற்றாக ஒழியவில்லை.

சட்டமும் நகர்ந்து வந்தது. 2016ஆம் ஆண்டுப் பொது வான்போக்குவரத்து ஒழுங்குமுறைகள் ஆளில்லா வானூர்திகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கின. 400 அடிக்கு மேலும், விமான நிலையச் சுற்றெல்லைக்குள்ளும் பறக்கத் தனி அனுமதி வேண்டும். தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையமும் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் வான்படைத் தளமும் இருப்பதால், பினாங்கில் எண்ணிய இடத்திலெல்லாம் பறக்கவிட இயலாது. வான்வழி வரைபடம் எடுப்பதற்கு நில அளவை, வரைபடத் துறையின் அனுமதியும் தேவை. வரைபடம் அரசின் உடைமை என்னும் பழைய எண்ணம் இதில் இன்னும் உயிரோடிருக்கிறது.

இனி நம் மக்களிடம் வருகிறேன். மலாயாவில் தமிழர் வாழ்வின் பெரும்பகுதி தோட்டத்தில் கழிந்தது. தோட்டம் என்பதே நடந்து எண்ணும் உலகம். விடியலில் பிரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவார்கள். நிரையில் மரம் எண்ணுவார்கள். மாலையில் பால் நிறுப்பார்கள். இன்று செம்பனை மரங்களைப் பறப்பி எண்ணுகிறது. எது வாடியது, எது பட்டுப்போனது என்று வண்ணத்தால் காட்டுகிறது. போலாடிரோன் என்னும் மற்றொரு மலேசிய நிறுவனம், இளஞ்செம்பனையின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் அறிவியற்பெயரான ஒரிக்டிஸ் என்பதையே தன் மருந்தடிக்கும் டிரோனுக்குச் சூட்டியது. 2021இல் அந்நிறுவனம் நாற்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் முதலீடு பெற்றது.

இதனைக் கேட்டு வருந்துவதா, மகிழ்வதா? மருந்தடிக்கும் வேலையைத் தோட்டங்களில் பெரும்பாலும் பெண்களே செய்தனர்; அவர்களுள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். முதுகில் தோம்பு, கையில் குழாய், மூக்கை மூடத் துணி. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை 2002இல் அரசு தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நஞ்சைச் சுமந்த முதுகுகளை நினைப்பவர், அந்தத் தோம்பைப் பறப்பி சுமக்கட்டும் என்றே சொல்வர். நானும் அவ்வாறே சொல்வேன். ஆனால் அந்த முதுகுக்கு உரியவர் பெற்ற நாட்கூலிக்கு ஈடாக எது வந்தது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

மூன்றாவது கேள்விக்கு இங்கே வந்து சேர்கிறோம். தோட்டத்தைப் படமெடுக்கச் சொல்பவர் உரிமையாளர். படம் அவரையே சேரும். அப்படத்தில் லயங்கள் தெரியும். மாரியம்மன் கோயில் தெரியும். மரங்களுக்கு இடையே புதைகுழிகள் தெரியும். சில இடங்களில் தமிழ்ப்பள்ளியின் கூரையும் தெரியும். நிலப்பட்டா இல்லாத தோட்டக் கோயில்களும் இடுகாடுகளும் எத்தனையோ! நிலம் கைமாறும்போது, ‘இது இங்கே இருந்தது’ என்று காட்ட அம்மக்களிடம் வாய்ச்சொல் தவிர வேறு சான்று இருப்பதில்லை. மிகத் துல்லியமான சான்று வேறொருவரின் கணினியில் உறங்குகிறது. முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001 அளவில் தொடங்கிய நில அளவையில் முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்குக்கும் கீழான பின்னம் வரை நிலத்தை அளந்தனர். அளந்தவர்கள் ஊர்நத்தம், கோயில், குளம், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிப் பிரித்து, வரியிலிருந்து நீக்கியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அரசனின் வருவாய்க்காக எடுத்த அளவைதான் அது. ஆயினும் சுடுகாடு அதில் சுடுகாடாகவே பதிவாயிற்று. அதுவும் எவரும் சென்று படிக்கக்கூடிய கோயிற் சுவரில்.

பதிவை யார் பெறுவது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் தருவேன். இந்தியாவில் 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், லாம்டனின் மரபில் வந்த இந்திய நில அளவைத் துறையே டிரோன்களைப் பறக்கவிட்டு ஊர்க் குடியிருப்புகளைப் படமாக்குகிறது. அதன் முடிவில் உரிமை அட்டை வீட்டுக்காரரின் கைக்கு வருகிறது. நடைமுறையில் வழக்குகளும் தாமதங்களும் உண்டு. எனினும் படத்தில் இருப்பவரிடமே பதிவு போய்ச் சேர வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மற்றொன்று நம் அருகிலேயே நிகழ்ந்தது. 1950களில் வெள்ளையர் தம் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றபோது தொழிலாளர் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தனர். தோட்டத் துண்டாடல் என்று நம் மூத்தோர் அதனைச் சொல்வர். துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். அங்கே பால்வெட்டியவரே நிலத்தின் பங்காளி ஆனார். நிலத்தின் வரைபடம் அவர்களுடைய சங்கத்தின் பெட்டிக்குள் வந்தது.

வான்தரவு நிறுவனத்திடம் படம் கேட்பவர் எவராகவும் இருக்கலாம். கூட்டுறவுச் சங்கம் கேட்கலாம். கோயில் நிருவாகம் கேட்கலாம். பள்ளி மேலாளர் வாரியமும் உரிய அனுமதியோடு கேட்கலாம். செலவு முன்பு போல் எட்டாத தொலைவில் இல்லை. அவ்வாறு ஒரு படம் கையில் கிடைத்தால், அதில் நிரைகளுக்கு எண்கள் மட்டுமே இருக்கும். ஆற்றோரத்து வெட்டுக்கும், மேட்டு லயத்துக்கும், கிணற்றடி நிரைக்கும் தோட்டத்து மக்கள் வழங்கிய பெயர்களைப் பறப்பியால் படிக்க முடியாது. அப்பெயர்களை அறிந்தவர்கள் இன்று எழுபதும் எண்பதும் கடந்து, செபராங் பிறையின் அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கின்றனர். அப்பேரப்பிள்ளைகளுள் சிலர் உங்கள் வகுப்பறையில் அமர்ந்திருக்கக்கூடும்.